உசிலங்காட்டு ஊற்று

இன்று காலை ஆறு மணிக்கு அணையில் நாற்பத்து நாலு அடி. போனில் சொன்னவன் சின்னக்காளை, எங்கள் கருங்குழி ஓடை அணையில் மதகு பார்க்கிறவன். மொத்தமே நாற்பத்தாறு அடி அணைதான் தம்பி. "தலைவரே, இன்னும் ரெண்டடிதான், நெறஞ்சு மறுகால் பாஞ்சிரும். அம்புட்டு மண்ணை அள்ளின பெறகு மொத மறுகாலு. வெடி வாங்கி வைக்கவா?" என்று கேட்கிறான். "வாங்கு, வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு நான் அப்படியே கட்டிலில் சாய்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட எழுந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் தூங்கட்டும். இடுப்பெலும்பு வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், மதியம் வரை எழமாட்டார். ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி சரோஜினி அவள் சித்தி வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். அவளுக்கும் தெரியாது.

எனக்கு நெஞ்சுவலி கிடையாது.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, ரத்தம் சுத்தமாக இருக்கிறது. பிரஷர் மட்டும் எகிறிக் கிடக்கிறது. அது நடிப்பு இல்லை. அதற்காகத்தான் டாக்டர் என்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார். நான் பயந்தவன் இல்லை தம்பி. எங்கள் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மேலப்பட்டி திருமலைச்சாமி என்றால் கருங்குழி ஓடை பாசன சங்கத் தலைவர் என்பார்கள். மண்வெட்டியோடு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. "அணையை மீட்ட மனிதர்" என்று மேலே போட்டிருந்தார்கள். நான் போடச் சொல்லவில்லை. அவர்களாகவே போட்டார்கள்.

அணை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு குன்றுக்கு நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை, உள்பக்கம் கல் பதித்தது. அவ்வளவுதான். மேலே மலையில் மரத்தை வெட்டி வாழை போட்டார்கள், ரோடு போட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் மலை கரைந்து வந்து எங்கள் அணைக்குள் உட்கார்ந்தது. தண்ணீருக்குக் கால் நீட்ட இடமில்லை. ஒரு தூறல் போட்டால் நிரம்பி வழியும். மாதம் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். நடுவே கருவேலம் முளைத்து, அதில் மைனா கூடு கட்டியிருந்தது. அணைக்குள் மைனா கூடு! பார்த்திருக்கிறீர்களா எங்காவது?

நான்தான் ஆரம்பித்தேன். வீட்டுக்கு ஓர் ஆள், வாரத்தில் ஒரு நாள் என்று கேட்டேன். முதல் வாரம் வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள். அடுத்த வாரம் அவர்களே பாண்டு சட்டியோடு வந்தார்கள். மலையில் ஓடை இறங்குகிற இடங்களில் குறுக்கே கல் அடுக்கினோம், மண் அங்கேயே நிற்கட்டும் என்று. வெட்டிவேர் நட்டோம். பெண்கள் கஞ்சி காய்ச்சி எடுத்து வருவார்கள். அப்புறம் அரசாங்கம் உத்தரவு கொடுத்தது: விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். டிராக்டர் டிராக்டராக வந்து நின்றது. அணையும் சுத்தம், வயலுக்கும் உரம். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

தப்பு இல்லை என்று நீங்களும் சொல்கிறீர்கள். சரி.

அப்போது ஜெசிந்தா என்று ஒரு பொண்ணு உதவிப் பொறியாளராக இருந்தது. தூத்துக்குடிப் பக்கம். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அந்த வெயிலில் தொப்பியைப் போட்டுக்கொண்டு கரை ஓரம் நடந்து, கரையிலிருந்து உள்ளே நல்ல தூரம் தள்ளி, வரிசையாகக் கல் நட்டுச் சுண்ணாம்பு அடிக்க வைத்தது. "சார், இந்தக் கல்லுக்குக் கரைப் பக்கம் ஒரு கூடை மண்ணு எடுக்கக் கூடாது" என்றது.

"ஏம்மா, அங்கதான நல்ல மண்ணு கெடக்கு?"

"நல்ல மண்ணுதான் சார். அதான் சொல்றேன். அடியில பழைய ஓடை மணல் இருக்கு. இந்தக் களிமண்ணு அது மேல விரிச்ச தார்ப்பாய் மாதிரி. தார்ப்பாயை உருவிட்டா தண்ணி மணல் வழியா எறங்கி, கரைக்கு அடியில நொழஞ்சு, அந்தப் பக்கம் எந்திரிச்சிரும்."

நான் சிரித்தேன். தூரை எடு என்று ஆர்டர் கொடுப்பதும் இவர்கள்தான், தூரைத் தொடாதே என்பதும் இவர்கள்தான். ஆனாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். அந்தப் பொண்ணு கெட்டிக்காரப் பொண்ணு. ஒன்றும் சொல்வதற்கில்லை. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

என் தங்கச்சி சீனியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். எங்கள் அம்மா போனபோது அவள் பால் குடிக்கிற பிள்ளை. என் இடுப்பிலேயே வளர்ந்தவள். உசிலங்காட்டில் கட்டிக் கொடுத்தேன். உசிலங்காடு அணைக் கரைக்கு நேர் கீழே. அவள் வீட்டுக் கொல்லையில் நின்று அண்ணாந்தால் கரைதான் தெரியும், வானம் அதற்கு மேலே. அவள் வீட்டுக்காரர் வீரணன் ரொம்பச் சாது. காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் சொல்வார்.

தலைவர் தங்கச்சிக்கு முதலில் மண் கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் இல்லையா? அதனால் அவள் வயலுக்கு முறை கடைசி என்று வைத்தேன். அதுதான் வினையாகப் போனது. அவள் முறை வரும்போது கல்லுக்கு உள்பக்கம் கருமண் தீர்ந்து, கூழாங்கல்லும் சரளையும்தான் வந்தது. முதல் டிராக்டர் அவள் வயலில் கொட்டியதும் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் கருமண்ணு, கூடப் பொறந்தவளுக்குச் சரளையாண்ணே? நல்லாருக்கு ஒன் தலைவர் வேலை."

"மண்ணு தீந்துபோச்சு சீனி. நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கேன்?"

"எங்க தீந்துச்சு? கரை ஓரத்துல அல்வா மாதிரி கெடக்கு. வெள்ளைக் கல்லு நட்டா தொடக் கூடாதாமா? அதென்ன சாமிக் கல்லா?"

"எஞ்சினியரம்மா சொல்லியிருக்கு."

"எஞ்சினியரம்மா புள்ளை பெத்துக்கப் போயிருச்சு. நீ யாருக்குத் தலைவரு, கல்லுக்கா எங்களுக்கா?"

ஊரே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்ய? கல்லை நகர்த்தினேன் என்று சொல்லாதீர்கள். யாரும் நகர்த்தவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தோம். கரைப் பக்கமாக. அவள் வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான். அடுத்த நாள் அவள் பக்கத்து வயல்காரன் வந்தான். தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு அவனுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கோடை முடியும்போது கல்லெல்லாம் கரைச் சரிவிலேயே சாய்ந்து கிடந்தது. அழகாகக் குழி விழுந்திருந்தது கரை ஓரம். அடியில் மணல், வெள்ளை வெளேர் என்று. பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். அந்தப் போகம் சீனியம்மாள் வயலில் நெல் ஆள் மறைகிற அளவுக்கு நின்றது. கல்லுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் தம்பி? கல் ஓர் அடையாளம். அவ்வளவுதானே?

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. அணை ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் ஒரு மழைக்கே வழிந்துவிடும் அணை, இப்போது நாலு மழையை விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்றது. நாங்கள் எடுத்த மண்ணுக்கு ஈடாகத் தண்ணீர். நான் கரையில் நின்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அப்போதுதான் ஊற்று வந்தது.

சீனியம்மாள் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்தது. உலை கொதிப்பது போல. கண்ணாடி மாதிரித் தண்ணீர். கூட்டத்துக்குக் கூட்டம் நான் பேசியிருக்கிறேன், "தூர் வாருங்கள், அடைபட்ட ஊற்றுக்கண் எல்லாம் திறக்கும்" என்று. திறந்துவிட்டது! தலைவர் வாக்குப் பலித்தது என்றார்கள். சுற்றிச் செங்கல் வைத்து மஞ்சள் பூசினார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். தேங்காய் உடைத்தது யார்? நான்தான். பேப்பர்காரர் மறுபடி வந்து படம் எடுத்தார். வெளியூரிலிருந்து பாட்டிலோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சர்க்கரை வியாதி இறங்குகிறது என்று ஒருவன் கிளப்பிவிட்டான். நாள் முழுக்கப் பொங்கல் பிரசாதம் தின்றுகொண்டு சர்க்கரை இறங்குகிறதாம்.

சீனியம்மாளைப் பார்க்க வேண்டுமே! ஆயுசுக்கும் வயலும் அடுப்புமாகக் கிடந்தவள். இப்போது அவள் வீட்டு முன்னால் செருப்பாகக் கிடக்கிறது. "வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்று சத்தம் போடுகிறாள். குரலே மாறிவிட்டது. "ஊத்துக்கார அம்மா" என்று கூப்பிடுகிறார்கள்.

போன திங்கட்கிழமை போனேன். கூட்டம் இன்னும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. பால் கொஞ்சம் ஊற்றிய டீ போல ஒரு நிறம். கையை விட்டேன். விரலுக்கு நடுவே மணல் ஓடியது, நைசாக, ரவை மாதிரி. செங்கலைச் சுற்றி எறும்புப் புற்றுப் போல மணல் குவிந்திருந்தது. போன வாரம் அந்தக் குவியல் இல்லை.

சீனியம்மாள் பின்னால் வந்து நின்றாள். "என்னண்ணே கலங்கியிருக்கு?"

"எவனோ காலைக் கழுவிட்டுப் போயிருக்கான்."

"யாருன்னு தெரியட்டும், வெளக்கமாறு பிய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த ஜெசிந்தா பொண்ணு லீவில் போகிற அன்றைக்கு, டீக்கடையில் வைத்து, போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனது. "சார், கரைக்குப் பின்னாடி என்னைக்காவது தண்ணி கசிஞ்சா எங்களுக்குச் சொல்லுங்க. அது தெளிஞ்ச தண்ணியா இருந்தா சொன்னாப் போதும். கலங்கி வந்தா எங்களுக்குச் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. மொதல்ல கீழ இருக்கிற ஊரைக் கெளப்புங்க. கலங்கல்னா கரை உள்ளுக்குள்ளயே கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்."

இது நண்டு வளையாகவும் இருக்கலாம் தம்பி. எங்கள் பக்கம் வயல் நண்டு கரையைத் துளைக்கும். பெருச்சாளியாகவும் இருக்கலாம். நான் பார்த்த வரையில் நண்டு வளைதான். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் என் தங்கச்சி கொல்லையில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது.

மதகைத் திறந்து அணையை இறக்கலாமே என்கிறீர்கள். இறக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் சின்னக்காளை திறந்துவிடுவான். ஏன் என்று ஊர் கேட்குமே? முதல் முதலாக நிரம்பிய தண்ணீரை, இன்னும் நாற்றுக்கூடப் பாவாத நேரத்தில், எதற்குத் திறக்கிறீர்கள் தலைவரே என்று கேட்பார்களே? கசிவு என்று சொன்னால் அதிகாரிகள் வருவார்கள். வந்தால் முதல் கேள்வி என்ன கேட்பார்கள்? கல் எங்கே என்று கேட்பார்கள். கல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அது போகட்டும். ஊற்று என்று நானே தேங்காய் உடைத்திருக்கிறேனே! அதற்கு என்ன சொல்வது?

ஜெசிந்தாவுக்குப் போன் அடித்தேன். ஒரு ரிங் போனதும் பயந்து கட் பண்ணிவிட்டேன். அது திரும்பக் கூப்பிட்டது. "சார், கூப்பிட்டீங்களா?"

"கை பட்டுருச்சும்மா. புள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கான் சார், பல்லு மொளைக்குது. அணை எப்படி இருக்கு? அங்க மழை ஜாஸ்தின்னு டிவியில பாத்தேன்."

"ததும்புதும்மா. எல்லாம் நீ போட்ட பிள்ளையார் சுழி."

"கரைக்குப் பின்னாடி ஈரம், கசிவு எதுவும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. காஞ்சு கெடக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அது பச்சைப் பிள்ளைக்காரி. பதறும். எதற்கு அதைப் பதற வைக்க வேண்டும்?

ஆக, தங்கச்சியை அங்கிருந்து கிளப்ப வேண்டும். அதை மட்டும் செய்துவிட்டால் போதும் என்று தோன்றியது. கிளப்புவது லேசாக இல்லை. "பழநிக்குப் போயிட்டு வருவோம் வா, நாலு நாள் தங்கிட்டு வரலாம்" என்றேன். "சாமி நம்ம கொல்லைக்கே வந்துருக்கு, பழநிக்கு எதுக்குண்ணே?" என்றாள். என் மகனுக்குக் கோயம்புத்தூரில் பெண் பார்க்கப் போகிறோம், அத்தைக்காரி இல்லாமல் எப்படி என்றேன். அப்படி ஒரு பெண்ணே கிடையாது. அவள் என்ன சொல்கிறாள்? "பொண்ணு வீட்டாளுகளை இங்க வரச் சொல்லுண்ணே. ஊத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு, நம்ம பவுசையும் பாத்துட்டுப் போகட்டும்." வீரணன் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறார். இந்த மனுஷன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெண்டாட்டியைப் பார்த்து அவ்வளவு பெருமை.

வேறு வழி தெரியவில்லை. முந்தாநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

வந்தாள். ஓடி வந்தாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள், கண் வீங்கியிருந்தது. என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் அணை என்ன ஆனாலும் இவள் இங்கே இருக்கிறாள் என்று ஒரு மணி நேரம் தூங்கினேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தூக்கம். எழுந்து பார்த்தால் துண்டைக் காணோம். அந்த டாக்டர் பையன் இருக்கிறானே, கண்ணாடி போட்டவன், அவன் வந்து "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, ஈசிஜி நார்மல், ரெண்டு நாள்ல அனுப்பிருவோம்" என்று சொல்லியிருக்கிறான். அவள் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். மறுநாள் வெளியூரிலிருந்து நாற்பது பேர் வருகிறார்களாம் ஊற்றைப் பார்க்க. படித்த டாக்டர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை.

இப்போது நாற்பத்து நாலு அடி. வானத்தைப் பாருங்கள், ஜன்னல் வழியாக. மலைப் பக்கம் எப்படி இருக்கிறது?

தம்பி, ஓர் உதவி. இந்தப் போனில் நான் அவளைக் கூப்பிட்டுத் தருகிறேன். "டாக்டர் பேசுறேன், உங்க அண்ணன் நிலைமை மோசமா இருக்கு, ஒடனே வாங்க" என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். உங்கள் குரல் கனமாக இருக்கிறது, டாக்டர் குரல் மாதிரியே இருக்கிறது. ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? பொய்தான். யாரைக் கெடுக்கிற பொய்? உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று லேசாகச் சொல்கிறீர்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர் இல்லை.

சரி, விடுங்கள். நானே பேசுகிறேன். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.

"சீனி... சீனியா? அண்ணன்தான். ...பேச முடியலத்தா. ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குச்சு. டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு. ...அழாத. அழாதத்தா. ஒரு தடவை ஒன் மூஞ்சியப் பாத்துட்டா... இன்னைக்கே வா. ...சரி, நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வா. ...ஊரா? ஊரு எதுக்கு? வேணாம், வேணாம், நீ மட்டும் வா. இங்க நர்ஸம்மா கத்தும். ...சரி, வரட்டும், ஒன் இஷ்டம். மச்சான்? ...ம். ...சரி. ...வச்சுர்றேன்."

அப்பாடா.

கேட்டீர்களா? வருகிறாள். நாளைக் காலையில் வந்துவிடுவாள். ஒரு ராத்திரிதான், ஒரு ராத்திரி தாங்கினால் போதும். ஊரே கிளம்புகிறேன் என்கிறதாம். எங்கள் பக்கம் அப்படித்தான். ஒருவருக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் லோடு வண்டி பிடித்து எல்லாரும் ஏறி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வராமல் இருந்தால் கடைசி வரை குறை. என் மேல் அவ்வளவு பிரியம். நான் வேண்டாம் என்றேன், நீங்களே கேட்டீர்கள். இங்கே இந்த வார்டில் அத்தனை பேரை எங்கே நிறுத்துவது?

அவள் வீட்டுக்காரரா? அவர் வரவில்லையாம். ஊற்றுக்குக் காவல் இருக்க வேண்டுமாம், வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் என்ன சொல்ல முடியும்? நீயும் வா, மச்சானையும் கூட்டி வா, மாட்டையும் அவிழ்த்து விடு என்று சொன்னால் சந்தேகம் வராதா? அவர் ஆம்பளை தம்பி. ஒன்று என்றால் ஓடிவிடுவார். நல்ல உடம்பு.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? பாத்ரூமா? போனை எடுத்துக்கொண்டு போகிறீர்கள்...

வாருங்கள். உட்காருங்கள். முகம் ஒரு மாதிரி இருக்கிறது. யாருக்குப் போன் பண்ணினீர்கள்? வீட்டுக்கா? என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூமுக்கா? என்ன சொன்னீர்கள்? என் பெயரைச் சொன்னீர்களா? அணைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும்தானா? தம்பி, நான் உங்களை நம்பிச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் ஆள், நாளைக்கு அவரவர் ஊருக்குப் போய்விடுவோம் என்று நினைத்துச் சொன்னேன்.

ஒரு வகையில்... இருங்கள். ஒரு வகையில் நல்லதுதான். யாரோ சொன்னதாக இருக்கட்டும். அவர்களாக வந்து பார்க்கட்டும். அவர்களாகவே மதகைத் திறக்கட்டும். நான் சொன்னதாக இல்லை. என்ன, நல்ல யோசனைதான். நான் ஏன் இதை யோசிக்கவில்லை? குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

போன் அடிக்கிறது. சீனியா? இல்லை. எங்கள் வி.ஏ.ஓ. சுகந்தன். நல்ல பையன். எடுக்கிறேன், பேசாமல் இருங்கள்.

"சொல்லுங்க வி.ஏ.ஓ. சார். ...பரவாயில்ல, உசுரு இருக்கு. ...என்னது? யாரு சொன்னா? ...பேரு சொல்லலியா? ...உசிலங்காட்டுலயா? ...அட, அது ஊத்துங்க. நீங்களும்தான் வந்து பொங்கல் வாங்கித் தின்னீங்களே. ...கலங்கலா? கூட்டம் வருது, காலை வைக்கிறான், கலங்கத்தான் செய்யும். ...கசிவெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியாமயா? முப்பது வருஷமா அந்தக் கரையில நடக்கிறேன். ...வதந்திதான். பொறாமை புடிச்ச பய எவனாவது இருப்பான். ...எழுதிக்கங்க, சங்கத் தலைவரைக் கேட்டேன்னு எழுதிக்கங்க. ...மழையில எதுக்கு அலையுறீங்க, ரெண்டு நாள் கழிச்சு வெயில் வந்ததும் வந்து பாருங்க. ...சரிங்க சார். ரொம்பச் சந்தோஷம்."

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நேருக்கு நேர் என்னைக் கேட்கிறான். உங்களைக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு என்ன, நீங்கள் தேங்காய் உடைக்கவில்லை. அது நண்டு வளைதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு எனக்குத் தெரியும். தங்கச்சி வருகிறாள், நாளைக் காலையில் வந்துவிடுவாள், அது போதும். அவள் வந்ததும் இந்தக் கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுப் போகாதே என்று அழுவேன். அழுவதற்கு நடிக்க வேண்டியதில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். சத்தம் கேட்காமல் இருக்கட்டும்.

*

நவம்பர் 16, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்கு, கருங்குழி ஓடை அணையின் மண்கரை உசிலங்காட்டுக்கு நேராக உடைந்தது. அணையில் அப்போது நாற்பத்தைந்தரை அடி நீர் இருந்தது. ஊர் மக்களில் பெரும்பாலோர் பாசன சங்கத் தலைவரின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்ப்பதற்காக இரண்டு லோடு வண்டிகளில் ஏறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்திருந்தனர். ஊரில் தங்கியிருந்த நால்வரில் மூவர் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் ஏறித் தப்பினர். வீரணனின் உடல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது.